ஈப்புலி வளர்க்க: ஒட்டடை அடிக்கிறவள் எழுதியது

ஒட்டடை அடிப்பதுதான் என் வேலை. பள்ளத்தூரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றை நானும் என் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம், அவ்வளவு நீளம். சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். மற்ற நாளில் அங்கே குடியிருப்பது புறாவும் வௌவாலும் சிலந்தியும்தான். ஒட்டடைக்கோலை வைத்துவிட்டால் மீதி நேரம் எனக்குத் தையல் மெஷின்.

இப்படிப்பட்டவள் சிலந்தியை டப்பாவில் போட்டு வளர்க்கிறாள் என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. மூன்று வருடம் ஆகிவிட்டது, இப்போது சிரிப்பு நின்று பிள்ளைகள் டப்பாவோடு வருகிறார்கள், "அத்தை, இதுக்கு என்ன கொடுக்கணும்?" என்று. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்தச் சிலந்தி என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது வலை கட்டி நடுவில் தொங்குகிற சிலந்தி இல்லை. சுவரில் நடந்து, நின்று, நம்மைத் திரும்பிப் பார்த்து, சட்டென்று தாவுமே, அது. என் அப்பத்தா அதை ஈப்புலி என்றுதான் சொல்லும். அந்தப் பெயரே போதும், அதன் பிழைப்பு முழுக்க அதில் இருக்கிறது. புலி பதுங்குகிற மாதிரி வயிற்றைத் தரையோடு ஒட்டி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, ஈயின் பின்னால் போய் ஒரே பாய்ச்சல். பாய்வதற்கு முன் பின்னால் ஒரு நூலை ஒட்டிவிட்டுத்தான் பாயும். தவறினாலும் அந்த நூலில் தொங்கி ஏறி வந்துவிடும். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் என் மகள் சொன்னாள், சிலந்திக் குடும்பங்களிலேயே பெரியது இந்தத் தாவும் சிலந்திக் குடும்பம்தானாம், உலகம் முழுக்க ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வகை.

நம் வீடுகளில் சாதாரணமாகக் கிடைப்பது இரண்டு. ஒன்று, சாம்பல் நிறத்தில் தட்டையாக வெளிச்சுவரில் திரிவது. இன்னொன்று கொஞ்சம் தாட்டியானது, ஒரு சென்டிமீட்டர் நீளம் வரும். பெண் பழுப்பாக, முதுகில் வெளிறிய பட்டையோடு இருக்கும். ஆண் கறுப்பு, மேலே வெள்ளைக் கோடுகள். பிளெக்ஸிப்பஸ் என்று மகள் பெயர் சொல்வாள். புதிதாக வளர்ப்பவர்களுக்கு நான் இந்த இரண்டாவதைத்தான் சொல்வேன். கண்ணுக்குத் தெரிகிற அளவு, நன்றாகச் சாப்பிடும், மனிதர் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது, நம் ஊர் வெயில் அதற்குப் புதிதில்லை.

உள்ளங்கை அகல டரான்டுலா சிலந்தியைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று ஒரு பையன் கேட்டான். வேண்டாம் தம்பி என்றேன். 2021இல் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த ஒரு தபால் பார்சலைச் சுங்கத் துறையினர் பிரித்துப் பார்த்தால், பஞ்சும் வெள்ளிக் காகிதமும் சுற்றிய சின்னக் குப்பிகளில் 107 சிலந்திகள், உயிரோடு. பார்சலில் இருந்த முகவரி எங்கோ இல்லை, நம் அருப்புக்கோட்டை. வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2022இல் திருத்திய வன உயிரினச் சட்டப்படி, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) என்ற சர்வதேசப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருந்தால் பதிவு செய்தாக வேண்டும். நம் நாட்டு மரத்து டரான்டுலாக்களும் 2019லிருந்து அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதில் ஒன்று மயில் கழுத்து நீலத்தில் இருக்கும், ஆந்திரா பக்கத்துக் காடுகளில் அரிதாக வாழ்கிறது, அழியும் நிலையில் இருக்கிறது. அதைக் காட்டிலிருந்து பிடுங்கி டப்பாவில் போடுவது வளர்ப்பு இல்லை. அது கடித்தால் நாள்கணக்கில் சதை இழுத்துப் பிடிக்கும் என்பது வேறு. தேளும் வேண்டாம். செந்தேள் கொட்டினால் குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து.

பிடிப்பது

கண்ணாடி டம்ளரும் பழைய கல்யாணப் பத்திரிகையும் போதும். சிலந்தி சுவரில் நிற்கும்போது டம்ளரை மெதுவாகக் கவிழ்த்து, பத்திரிகை அட்டையை அடியில் செருகி எடுக்க வேண்டும். விரலால் பிடிக்கவே கூடாது. பயந்தால் காலை விட்டுவிட்டு ஓடும். சின்னதாக இருந்தால் அடுத்தடுத்து சட்டை உரிக்கும்போது அந்தக் கால் மறுபடி வளரும், வயதுக்கு வந்ததற்கு வளராது.

எதைப் பிடிக்கலாம்? அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பாதி வளர்ந்ததைப் பிடியுங்கள். நன்றாகத் தின்னும், சட்டை உரிப்பதையும் பார்க்கலாம். வயிறு உருண்டு திரண்ட பெரிய பெண்ணைப் பிடித்தால் அநேகமாக அது ஏற்கனவே இணை சேர்ந்திருக்கும், முட்டை வைத்துவிடும். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். ஆணா பெண்ணா என்று முகத்தைப் பார்த்தே சொல்லலாம். வாயருகே இரண்டு குட்டைக் கை மாதிரி இருக்கும். அதன் நுனி பாக்சிங் கையுறை மாதிரி உப்பியிருந்தால் வளர்ந்த ஆண்.

டப்பா

கண்ணாடித் தொட்டி, விலை உயர்ந்த கூண்டு எதுவும் தேவையில்லை. கடையில் தேன்குழல் போட்டு விற்கும் ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் ஜாடி, திருகு மூடி போட்டது, ஒரு சாண் உயரம் இருந்தால் போதும். அதைத் தலைகீழாக வைக்க வேண்டும். மூடி கீழே, ஜாடியின் அடிப்பாகம் மேலே. ஏனென்றால் ஈப்புலி எப்போதும் உச்சிமூலையில்தான் நூலால் வீடு கட்டும். ஜாடியை நேராக வைத்தால் அது மூடியில் கட்டும், நீங்கள் சாப்பாடு போட மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதன் வீட்டைக் கிழிப்பீர்கள். என் முதல் ஜாடி நேராகத்தான் இருந்தது. நாலு நாளில் மூன்று வீடு கட்டியது பாவம்.

காற்றுக்கு ஓட்டை போடுவதில்தான் கை வேலை இருக்கிறது. கோணி ஊசியை அடுப்பில் காட்டி, துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஜாடியின் ஒரு பக்கம் மேலே பத்துப் பன்னிரண்டு ஓட்டை, எதிர்ப்பக்கம் கீழே பத்துப் பன்னிரண்டு. எதிரும் புதிருமாக இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்காது. ஓட்டை எவ்வளவு பெரிது? சிலந்தியின் தலை நுழையாத அளவு. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், வயிறு பெரிது என்று நம்பாதீர்கள். அப்புறம் கைவிட்டு உள்பக்கம் தடவிப் பாருங்கள். உருகிய பிளாஸ்டிக் பிசிறு முள் மாதிரி எழும்பியிருக்கும். அதைப் பிளேடால் வழித்து, உப்புத்தாளால் தேய்த்து, சோப்பில்லாமல் கழுவி, ஒரு நாள் முழுக்கத் திறந்து காயவிடுங்கள். சித்திரை, வைகாசிக்கு நான் ஒரு பக்கம் தீப்பெட்டி அகலத்துக்கு வெட்டி, ரவிக்கையில் வைத்துத் தைக்கிற நெட் துணியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறேன். பசை வாடை முழுக்கப் போக இரண்டு நாள் ஆகும், அதுவரை சிலந்தியை உள்ளே விடக் கூடாது.

உள்ளே ஒரு கொய்யாக் குச்சி, வெந்நீரில் போட்டெடுத்து நன்றாகக் காயவைத்தது. சாய்வாக, உச்சிக்குப் பக்கம்வரை எட்ட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பூ, இலையோடு. பூ அழகுக்கு இல்லை, அதன் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான். கீழே வெள்ளை டிஷ்யூ பேப்பர். வெள்ளையில்தான் எச்சமும் தின்ற சக்கையும் தெரியும், வாரம் ஒருமுறை மாற்றிவிடலாம். மண் போட வேண்டியதில்லை. பஞ்சு போடவே வேண்டாம், கால் நகம் சிக்கிக்கொள்ளும்.

ஜாடியை எங்கே வைப்பது? இது பகலில் விழித்திருக்கிற பிராணி, வெளிச்சம் வேண்டும். ஆனால் நேர் வெயில் பத்து நிமிடம் பட்டாலும் மூடிய ஜாடிக்குள் அடுப்பு மாதிரி ஆகிவிடும். என் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கத்திரி வெயில் தொடங்கினதும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பெரிய வீட்டு வளவுக்குப் போய்விடுவேன். அங்கே முற்றத்து வெளிச்சம் வரும், வெயில் தூணோடு நின்றுவிடும், ஆத்தங்குடிக் கல் தரை மத்தியானத்திலும் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். சுண்ணாம்புச் சுவர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்கள் வீட்டில் பானை வைக்கிற மூலை எதுவோ அங்கே வையுங்கள்.

எறும்பும் மருந்தும்

எறும்பு சிலந்தியைக் கொல்லும். சட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது வந்தால் தப்பவே முடியாது. தின்ற சக்கை உள்ளே கிடந்தால் அதைத் தேடித்தான் எறும்பு வரும். ஜீனி டப்பாவை எப்படி வைக்கிறோமோ அப்படியே: ஒரு தாம்பாளத்தில் தண்ணீர், நடுவில் கவிழ்த்த சில்வர் கிண்ணம், அதன் மேல் ஜாடி. ஜாடி சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம்.

எறும்பு மருந்துச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கோட்டில் இருப்பது சிலந்திக்கும் விஷம். கொசுவர்த்தி, கரண்டில் மாட்டுகிற லிக்விட், கரப்பான் ஸ்பிரே எல்லாம் அப்படியே. என் இரண்டாவது சிலந்தி லிக்விட் மாட்டிய அறையில் ஓர் இரவு இருந்தது. காலையில் கால்கள் நடுங்க வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது, மத்தியானம் போய்விட்டது. நாங்கள் இப்போது கொசுவலைதான். பேரூராட்சியிலிருந்து கொசுப் புகை அடிக்க வரும் சத்தம் கேட்டால் ஜாடியை ஈரத்துணியால் மூடிக் கடைசி அறைக்கு எடுத்துப் போய்விடுவேன். கையில் கொசுக் களிம்பு தடவியிருந்தால் ஜாடியைத் தொடாதீர்கள். நாய்க்கு உண்ணி மருந்து போட்ட கையோடு கண்டிப்பாகத் தொடாதீர்கள். உண்ணியும் சிலந்தியும் எட்டுக்கால் சாதிதான், ஒன்றைக் கொல்வது இன்னொன்றையும் கொல்லும்.

தண்ணீர்

புதிதாக வளர்ப்பவர்கள் சாப்பாட்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பட்டினி கிடந்து சாவதைவிடத் தாகத்தில் சாவதுதான் அதிகம். இஸ்திரி போட்டுத் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் காலையில் ஒருமுறை, ஜாடிச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் அடித்தால் போதும். வெயில் காலத்தில் சாயங்காலமும் ஒருமுறை. சிலந்தி மேல் அடிக்கக் கூடாது, அதன் வீட்டின் மேலும் நேராக அடிக்கக் கூடாது. கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதும் தேவையில்லை, சின்னது விழுந்தால் ஏற முடியாது.

அது தண்ணீர் குடிப்பதை ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். துளி பக்கத்தில் வந்து நிற்கும், முன்காலால் தொடும், அப்புறம் முகத்தையே துளிக்குள் பதித்துவிடும். துளி வழியாக அதன் கண்கள் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். முன்னால் இரண்டு பெரிய கண், பக்கத்தில் இரண்டு சின்னது, தலையைச் சுற்றி இன்னும் நாலு. பெரிய கண் சில நேரம் கறுப்பாக, சில நேரம் தேன் நிறமாக மாறும். கண்ணை அசைக்க முடியாது, உள்ளே இருக்கும் விழித்திரைக் குழாய்தான் இப்படியும் அப்படியும் திரும்புகிறதாம். அது நம் பக்கம் திரும்பினால் கறுப்பு. அப்போது அது உங்களைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

உயிரோடு அசைகிறதைத்தான் தின்னும். நம்மைப் போல் மென்று விழுங்காது. விஷப்பல்லால் குத்தி, வாயிலிருந்து செரிமான நீரை இரையின் மேல் விட்டு, கரைந்ததை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருண்டையாகப் போட்டுவிடும். சின்னதற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், வளர்ந்ததற்கு மூன்று நாளைக்கு ஒருமுறை. இரையின் அளவு சிலந்தியின் உடம்புக்கு மேல் போகக் கூடாது. நாள்கணக்கைவிட வயிற்றைப் பாருங்கள். வயிறு தலையைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால் சரி. சுருங்கி மடிப்பு விழுந்தால் தாகமும் பசியும். பளபளவென்று உப்பினால் இரண்டு வேளை நிறுத்துங்கள்.

கொசு கிடைத்தால் கொசு. கொசு பேட்டில் அடித்துக் கருகியதைப் போட்டால் சீண்டாது, கொசுவலையில் உட்கார்ந்திருப்பதை டம்ளரில் பிடிக்க வேண்டும். வளர்ந்ததற்கு வீட்டு ஈ. ஈயை டம்ளரோடு ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்தால் மயங்கிக் கிடக்கும், தட்டிவிடலாம், ஜாடிக்குள் போய்ச் சூடு ஏறியதும் எழுந்து நடக்கும். கறிக்கடை ஈ வேண்டாம், எங்கே எந்த மருந்தில் உட்கார்ந்து வந்ததோ. மருந்து அடித்த வீட்டுக் கரப்பான் குஞ்சும் வேண்டாம். எறும்பு கூடாது. பெரிய வெட்டுக்கிளி, குளவி கூடாது.

தடையில்லாமல் இரை வேண்டுமென்றால் பழ ஈ வளர்த்துக்கொள்ளுங்கள். கறுத்துக் கனிந்த வாழைப்பழத் துண்டை ஒரு பாட்டிலில் போட்டு, வாயில் காகிதக் கூம்பைச் செருகி, கூம்பின் நுனியில் சின்ன ஓட்டை விட்டு அடுப்படியில் வைத்தால் மாலைக்குள் பத்து ஈ உள்ளே போயிருக்கும். கூம்பை எடுத்துவிட்டு நெட் துணி கட்டினால் பத்து நாளில் அடுத்த தலைமுறை. என் வீட்டுக்காரர் இதற்குத்தான் ஒரு மாதம் முகம் சுளித்தார். சிலந்தியைக்கூடப் பொறுத்துக்கொண்டார், ஈ வளர்ப்பதை அல்ல.

போட்ட இரையை ஒரு மணி நேரத்தில் பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிட வேண்டும். அடுத்த பகுதிக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சட்டை உரிக்கும்போது

சிலந்திக்கு எலும்பு வெளியே இருக்கிறது. அந்த ஓடு வளராது. அதனால் பாம்பு மாதிரி சட்டை உரித்துத்தான் வளர வேண்டும். பெரிதாகும்வரை பல தடவை உரிக்கும், வளர்ந்த பின் உரிக்காது. உரிப்பதற்கு முன் வயிறு உப்பும், நிறம் மங்கும், இரையைப் பார்த்தால் பின்வாங்கும். அப்புறம் வீட்டின் சுவரை அடுக்கடுக்காகத் தடிமனாக்கி, வாசலையும் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வழக்கமான வீடு மெல்லிய மஸ்லின் மாதிரி இருக்கும், உள்ளே சிலந்தி நிழலாகத் தெரியும். இது கேன்வாஸ் மாதிரி. ஒன்றும் தெரியாது.

என் முதல் சிலந்தி அப்படிப் போனது ஐப்பசி அடைமழையில். ஒரு நாள், இரண்டு நாள் பார்த்தேன். ஆறாம் நாள், செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அன்று ரவிக்கை ஒன்றில் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன், பிரிக்கிற கருவி கையிலேயே இருந்தது. தையல்காரி கை சும்மா இருக்குமா? ஜாடியைத் திறந்து, வீட்டின் ஓரத்தில் நுனியை விட்டு, ஒரு தையலைப் பிரிக்கிற மாதிரியே மெதுவாகக் கீறினேன். நூல் நூலாகப் பிரிந்தது. உள்ளே அது மல்லாந்து கிடந்தது. தலைமூடி மாதிரி பழைய ஓடு திறந்து நின்றது. புது உடம்பு வேகவைத்த இறால் மாதிரி வெளுப்பாக, ஈரமாகப் பாதி வெளியே வந்திருந்தது. ஆறு கால் வெளியே, இரண்டு கால் இன்னும் பழைய உறைக்குள். நான் பார்க்கப் பார்க்க ஒரு கால் ஒருமுறை துடித்தது. கையிலிருந்ததைக் கீழே போட்டேன். கிழிந்ததை ஒட்டவைக்க என்னிடம் நூல் ஏது? அந்த இரண்டு கால் வரவேயில்லை. மறுநாள் உடம்பு கோணலாக இறுகிப் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்த மகள் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அம்மா, ஒரு வாரம்தானே ஆச்சு?"

ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. பெரியது இரண்டு வாரம்கூட உள்ளே கிடக்கும். அந்த நாட்களில் நீங்கள் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். உள்ளே உயிருள்ள இரை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெத்தென்று கிடக்கும் சிலந்தியைச் சின்ன ஈகூடத் துன்புறுத்தும். எதிர்ச் சுவரில் தினமும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், காற்று வறண்டால் பழைய சட்டை ஒட்டிக்கொள்ளும். ஜாடியைத் தூக்காதீர்கள், தட்டாதீர்கள், விளக்கடித்துப் பார்க்காதீர்கள். ஒரு நாள் காலை, வீட்டு வாசலில் சுருட்டி எறிந்த பழைய சட்டை கிடக்கும். எட்டுக் காலும் கண் வட்டங்களும்கூட அப்படியே இருக்கும். நான் அவற்றை ஊசி டப்பியில் சேர்த்து வைத்திருக்கிறேன். சட்டையைப் பார்த்ததும் ஆசையாக ஈயைப் போடாதீர்கள். விஷப்பல்லும் புதிது, மென்மையாக இருக்கும். மூன்று நாலு நாள் கழித்துப் போடுங்கள்.

செத்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிலந்தி காலை மடக்குவதற்குத்தான் தசை, நீட்டுவது உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால். தாவுவதும் பின்காலில் அந்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றித்தான். உயிர் போனாலோ தண்ணீர் வற்றினாலோ அழுத்தம் போய், எட்டுக் காலும் உள்பக்கம் மூடிய கை மாதிரி சுருண்டுவிடும். வீட்டுக்கு வெளியே, தரையில், அப்படிச் சுருண்டு கிடந்தால்தான் கவலை. அப்போதும் உடனே தூக்கி எறியாதீர்கள். பிரஷ் நுனியில் ஒரு துளி நீரை அதன் வாயருகே வையுங்கள். என் மூன்றாவது சிலந்தி அப்படி எழுந்து இன்னும் ஏழு மாதம் இருந்தது.

கையில் எடுப்பது

புதிதாக வந்ததை ஒரு மாதம் தொடாதீர்கள். அது ஜாடியை ஊர் என்று நம்பட்டும். அப்புறம் தரையில் உட்கார்ந்துகொண்டு ஜாடியைத் திறந்து, கையை முன்னால் நீட்டி வைத்து, மெல்லிய பிரஷால் பின்னாலிருந்து லேசாகத் தொட்டால் நடந்து ஏறும். ஏறாவிட்டால் விட்டுவிடுங்கள். மூச்சு அதன் மேல் படக் கூடாது, காற்றடித்தால் எதிரி என்று நினைக்கும். ஃபேனை நிறுத்துங்கள். பல்லியும் பூனையும் அறையில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்கால் இரண்டையும் உயர்த்தி நின்றால் "கிட்டே வராதே" என்று பொருள்.

கடிக்குமா? நசுக்கினால் கடிக்கும். என்னை ஒருமுறை கடித்தது, முந்தானையில் மாட்டிக்கொண்டதால். எறும்பு கடித்த மாதிரி, அரை மணி நேரம் சுருக்கென்றது, அவ்வளவுதான். ஆனால் யாருக்காவது வீக்கம் பரவினாலோ மூச்சு முட்டினாலோ டாக்டரிடம் போக வேண்டும், பூச்சிக்கடி எதற்கும் அதுதான் விதி.

"மேலே மூத்திரம் போனால் கொப்புளிக்கும்" என்று பக்கத்து வீட்டு மதினி இன்றுவரை ஜாடிப் பக்கம் வருவதில்லை. மழைக்காலத்தில் காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு போட்ட மாதிரி எரிச்சலும் கொப்புளமும் இருக்குமே, அது சிலந்தி வேலை இல்லை. ஆரஞ்சும் கறுப்புமாக எறும்பு சாயலில் ஒரு சின்ன வண்டு ட்யூப்லைட்டுக்கு வரும். தூக்கத்தில் அதைத் தேய்த்து நசுக்கினால் அதன் உடம்பு நீர் பட்டுத்தான் தோல் வெந்துபோகிறது. பழி மட்டும் எட்டுக்கால் பூச்சிக்கு. திருவானைக்காவில் சிவன் தலையில் சருகு விழாமல் பந்தல் போட்ட சாதி என்று மதினியிடம் சொல்லிப் பார்த்தேன். "அது அங்கே, இது இங்கே" என்றாள்.

முட்டை

ஈப்புலிக்கு ஆயுள் ஒரு வருடம், கூடப் போனால் இன்னும் சில மாதம். வயதானால் தாவல் தவறும், ஈயைத் துரத்த மாட்டாது. அப்போது ஈயை மயக்கி முகத்துக்கு நேரே கொண்டுபோய் வைக்க வேண்டும். குச்சியின் மேல்பகுதியை எடுத்துவிடுங்கள், உயரத்திலிருந்து விழாமல் இருக்கும்.

நான் முன்பே சொன்ன கதை இது. நாலாவதாக வந்தவள் பெயர் பொட்டு, வயிற்றின் பின்பக்கம் வெளிறிய இரட்டைப் பொட்டு இருக்கும். பெரிய வீட்டு இரண்டாம் கட்டில், தேக்கு ஜன்னல் நிலையில் பிடித்தேன். வரும்போதே வயிறு கனம். இரண்டாம் வாரம் தட்டையான தடித்த பை ஒன்று கட்டி அதன் மேல் படுத்துக்கொண்டாள். நான் சட்டை உரிக்கிறாள் என்று நினைத்தேன். இந்த முறை எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. தண்ணீர் மட்டும் தெளித்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஜாடிச் சுவரெல்லாம் எள்ளு மாதிரி குஞ்சுகள். எண்ண முயன்று முப்பதோடு விட்டேன். அதற்குள் நாலைந்து குஞ்சுகள் ஊசி ஓட்டை வழியே தாம்பாளம்வரை வந்துவிட்டன.

உங்களுக்கும் இப்படி ஆனால், இரண்டைத் தனித்தனிச் சின்ன டப்பாவில் வையுங்கள், நெட் துணி மூடி போட்டு, பழ ஈ கொடுத்து. மற்றவற்றை விட்டுவிடுங்கள். ஒன்றாக வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். தாயை எங்கே பிடித்தீர்களோ அதே இடத்தில் விடுவதுதான் நல்லது. நான் ஜாடியை அந்த ஜன்னல் மூலையில் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வருடப் படைப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன், அந்த ஒரு மூலையைத் தவிர. வந்திறங்கிய வீட்டுக்கார ஆச்சி கட்டு கட்டாகப் பார்த்துக்கொண்டே வந்து சரியாக அங்கேதான் நின்றார்கள்.

"என்னத்தா, இந்த மூலையை மட்டும் விட்டுட்டே?"

"அது நூலாம்படை இல்லை ஆச்சி. பிள்ளைக இருக்கு."

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அடுத்த படைப்புக்கு நாங்க வர்றதுக்குள்ள இதுகளுக்குக் கல்யாணமாயிருமா?"

"பேரன் பேத்தியே எடுத்திரும் ஆச்சி. ஒரு வருஷம்தான் அதுகளுக்கு ஆயுசே."